ஆறடுக்கு மாஸ்டரின் டம்ளர் பரீட்சை

வயிறு என்பது நிரப்புவதற்காக ஏற்பட்ட உறுப்பு என்றுதான் நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது தப்பு, வயிறு என்பது காட்டுவதற்காக ஏற்பட்ட உறுப்பு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆறடுக்கு மாஸ்டர்.

அந்தப் பெயரை வைத்தது அவரிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். மாஸ்டரின் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். ஆனால் முகத்தைத் துடைக்க அவர் துண்டை எடுக்க மாட்டார். பனியனின் விளிம்பைத் தூக்குவார். வயிற்றில் ஆறு கட்டிகள், அடுக்கி வைத்த சோப்பு மாதிரி தெரியும். எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று உறுதியானதும் பனியன் கீழே இறங்கும். வியர்க்காத நேரத்திலும் துடைப்பார்.

ஒரு பர்னிச்சர் கடைக்குக் கீழே, பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருந்த நிலவறைதான் அவருடைய பயிற்சிக்கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையில் ரப்பர் மேட். ரப்பர் வாசனையையும் சாக்ஸ் வாசனையையும் கலந்து, ஜன்னல் இல்லாத இடத்தில் மூடி வைத்தால் என்ன வருமோ அது வரும். எதிர்ச் சுவரோரம் பெற்றோருக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த நாற்காலி ஜனங்களைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டியிருக்கும். நிலவறைப் படியில் இறங்குவதற்கே மூச்சு வாங்குகிறவர்கள் உட்கார்ந்ததும் பிள்ளையைப் பார்த்து, "இடுப்பைத் தூக்கு, இடுப்பைத் தூக்கு" என்று அதட்டுவார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கச் சொன்னால் ஆள் வைத்துத் தூக்குவார்கள்.

நானும் அதில் ஒருவன்தான். சொல்லப்போனால் தலைவன். கதவை நான் திறப்பதற்கு முன் என் தொப்பை திறந்துவிடும்.

நான் அங்கே போனது அக்கா மகளுக்காக. பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிகிறவள், வீட்டிலும் பெயர் ஈட்டிதான். அவளுடைய விளையாட்டு டீச்சர் ஒருநாள் அக்காவிடம், காலில் பலம் இருக்கிறது, தோளில் பலம் இருக்கிறது, நடுவில் மட்டும் ஓட்டைக் குழாய் மாதிரி எல்லாம் ஒழுகிப் போகிறது, உடம்பின் நடுப்பகுதியை உறுதியாக்கினால் இன்னும் தூரம் எறிவாள் என்று சொன்னார். வீட்டிலேயே மெதுவாகச் செய்யச் சில பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவும் சரியான பேச்சு. சரியான பேச்சு என் அக்கா காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் குடும்பத்தின் சரித்திரம். சும்மா கிடைக்கிற பயிற்சியில் சத்து இருக்காது என்று முடிவு செய்து, 'கோர் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்திருந்த ஆறடுக்கு மாஸ்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், உடம்பின் நடுப்பகுதிக்கு இங்கிலீஷ் பெயரான கோர் என்ற சொல் புழங்காத வேளை இல்லை. அக்கா தும்மினால்கூடக் கோர் என்று தும்மினாள்.

மாஸ்டரின் தனிக் கண்டுபிடிப்பு டம்ளர் பரீட்சை. வாரக் கடைசியில் நடக்கும். பிள்ளைகள் வரிசையாக முழங்கையையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி தரைக்கு மேல் தூக்கி நிற்பார்கள். அதற்குப் பெயர் பிளாங்க். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகில், தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய ஒரு எவர்சில்வர் டம்ளரை வைப்பார். யாருடைய டம்ளர் கவிழ்கிறதோ அவர்கள் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை டம்ளர் ஆடாமல் இருக்கும் பிள்ளைக்குத் தங்கக் கலர் அடித்த ஒரு அகலமான பெல்ட். உடம்பு ஆடவில்லை என்றால் நடு உறுதியாக இருக்கிறது என்று அர்த்தமாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. முட்டாள்தனத்துக்கு எப்போதுமே நல்ல குரல்.

நீச்சல்காரப் பையன் ஒருவன் வருவான். பிளாங்கில் நின்றால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருப்பான். வாராவாரம் அவன் டம்ளர்தான் முதலில் கவிழும். அவனுடைய அப்பா கடைசிப் படி ஏறும்வரை அவனைத் திட்டிக்கொண்டே போவார். எங்கள் ஈட்டியோ வந்த கொஞ்ச நாளிலேயே பெல்ட்டை வாங்கிவிட்டாள். அப்புறம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. டம்ளரை அவள் முதுகில் ஆணி அடித்து வைத்த மாதிரி இருக்கும். நானும் கை தட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம், எங்கள் குடும்பத்துக்கே நடுப்பகுதி கொஞ்சம் பலம் என்று தொப்பையைத் தட்டிச் சொல்லவும் செய்தேன்.

பிறகு ஒருநாள் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது, வேகத்தடை வந்ததும் அவள் என் தோளை அழுத்திக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பினாள். அடுத்ததிலும் அப்படியே. என்னடி, குதிரை சவாரியா என்று கேட்டேன்.

"பள்ளம் மேடு வந்தா முன்னாடியே சொல்லுங்க மாமா. இடுப்புக்கு மேல சுருக்குனு குத்துது."

"எத்தனை நாளா?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அதைவிட மோசமான பதில். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு சீக்கிரம் வருகிறதாம். வலி என்று சொன்னால் டீச்சர் உட்கார வைத்துவிடுவாராம். மாஸ்டரிடம் சொன்னாளாம், வலி வந்தால்தான் கோர் வேலை செய்கிறது என்று அர்த்தம், பல்லைக் கடித்துக்கொள் என்றாராம். எறிகிற ஈட்டியும் முன்பு போல் தூரம் போகவில்லை, கையை ஓங்கும்போதே முதுகு பிடித்துக்கொள்கிறது என்றாள். இதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, போக்குவரத்துச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள். நானும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். முதுகெலும்பு இல்லாதவனிடம் முதுகு ரகசியத்தைச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

என் பிழைப்பு ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில். கம்ப்யூட்டரில் படங்களைச் சீர்செய்கிற வேலை. செத்தவரைச் சிரிக்க வைப்பேன். மாப்பிள்ளைக்கு முடி நடுவேன். அந்த வாரம் ஆறடுக்கு மாஸ்டரே கடைக்கு வந்தார். இரண்டாவது பயிற்சிக்கூடம் திறக்கப் போகிறாராம், அதற்குப் பெரிய பேனர் வேண்டுமாம். பேனரில் பக்கவாட்டில் எடுத்த ஈட்டியின் படம். பிளாங்க், முதுகில் டம்ளர், முகத்தில் பல்லைக் கடித்த சிரிப்பு.

"நடுவுல கொஞ்சம் தொங்குற மாதிரி தெரியுது சார். நேராக்கிடுங்க" என்றார்.

தோளிலிருந்து குதிகால்வரை திரையில் ஒரு கோடு இழுத்தேன். ஈரப் போர்வை காயப்போட்ட கொடி மாதிரி அவள் முதுகு அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கியது. வயிறு தரையை நோக்கி விழுந்திருந்தது. இடுப்புக்கு மேலே ஒரு குழி. அந்தக் குழிக்குள், தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி டம்ளர். மவுஸைப் பிடித்து முதுகை மேலே இழுத்து நேராக்கினேன். இப்போது டம்ளர் உட்கார இடமில்லாமல் சரிந்து விழப்போகிற மாதிரி நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகு நேராக இருந்தால் ஒரு மூச்சு விட்டாலே டம்ளர் சறுக்கும். முதுகைத் தொங்கவிட்டால் குழி விழும், குழியில் டம்ளர் அசையாது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தப் பரீட்சையிலும் வைக்கிறவனைவிட எழுதுகிறவனுக்குத்தான் மூளை அதிகம். ஸ்கேல் மாதிரி நின்ற பையன் தோற்றதும், எங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்ததும் அதனால்தான். அவள் முதுகில் நின்றது டம்ளர் இல்லை. உடம்பின் மொத்தக் கனமும் அந்த ஒரு குழியில் நின்றிருக்கிறது.

"மாஸ்டர், முதுகு இப்படி வளைஞ்சா தப்புதானே?"

"தப்புதான். அதனாலதான் நேராக்கச் சொல்றேன்."

"படத்துலயா?"

"பின்ன? பேனர்ல பார்க்கறவங்க கண்டுபிடிச்சுருவாங்கல்ல" என்றார் பொறுமையாக, எனக்குத் தொழில் தெரியவில்லை என்பது போல. பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தில் திருட்டு முழி இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். திருடனுக்குத் தான் திருடுவது தெரியும். இவர் அதற்கும் லாயக்கில்லை. இப்படியொரு ஆளை நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டாமா? என் முதலாளி பின்னால் வந்து நின்றார். நேராக்கிய முதுகை அப்படியே விட்டு, டம்ளரையும் நேராக்கி, பேனரை அச்சுக்கு அனுப்பினேன். அப்படிப்பட்ட சூரன் நான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஈட்டிக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தங்கக் கலர் பெல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ? நீ எனக்குக் கோர் பத்திப் பாடம் எடுக்கறியா? குனிஞ்சு உன் கால் விரலப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுடா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் மகளைக் கூப்பிட்டு, வலிக்குதாடி என்று கேட்டாள். கேட்ட தொனியிலேயே இல்லை என்ற பதிலும் இருந்தது. ஈட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவிடம், மாமா சும்மா சொல்கிறார் என்றாள். அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, பார்த்துக்கலாம் என்றார். அவர் தன் கல்யாணத்தன்றும் அதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஈட்டி என்னோடு பேசவில்லை. ஸ்கூட்டரில் தன் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள். வேகத்தடையில் தோளைப் பிடிப்பதையும் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு தடையிலும் பின்னாலிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் வரும். அதைக் கேட்பதற்குப் பதில் அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

புதுக் கூடத்தின் திறப்பு நாள் வந்தது. மேலே நான் நேராக்கிய முதுகோடு ஈட்டி பேனரில் சிரித்தாள். கீழே நிஜ ஈட்டி சுவரில் சாய்ந்தபடி, பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள். வந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் கடைசி நிகழ்ச்சி அவளுடையதுதான். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தேரை அலங்கரிக்கிறவளுக்குச் சக்கரம் கண்ணில் படுமா?

மாஸ்டர் மைக்கைப் பிடித்து, பிள்ளைகளுக்கு முன் பெற்றோருக்கு ஒரு ஜாலி சுற்று, யாருக்காவது தைரியம் உண்டா என்றார். தானும் சேர்ந்து நிற்பதாகச் சொன்னார். பனியனைக் கழற்ற அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். நாலைந்து அப்பாக்கள் எழுந்தார்கள். என் கால்களும் எழுந்தன. நான் யோசித்து எழுந்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பிள்ளை அந்த ரப்பர் மேட்டுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் மண்டையில் இருந்தது.

"சார், ஆம்புலன்ஸ் சொல்லிரட்டுமா?" என்றார் மாஸ்டர் மைக்கில். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கு அது புதிதா?

முழங்கையை ஊன்றினேன். கால்விரலை ஊன்றினேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். என் வயிறு, சொல்வதற்கு முன்பே மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. முதுகில் விழுந்த குழியில் ஒரு டம்ளர் என்ன, குடத்தையே வைக்கலாம். உதவியாளர் டம்ளர்களை வைத்துக்கொண்டு போனார். முதல் அப்பா சரிந்தார். இரண்டாமவர் நடுங்கினார், நனைந்தார். ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசியில் மாஸ்டரும் நானும் மட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாஸ்டரின் முதுகு நிஜமாகவே நேர். அந்த மனுஷனுக்குச் செய்யத் தெரியும், சொல்லிக்கொடுக்கத்தான் தெரியாது. அந்த நேர் முதுகுதான் அவருக்கு எமனாக வந்தது. அவர் மூச்சு விட விட, டம்ளர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கடைசியில் அவர் கழுத்து வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தரையில் உருண்டது. என் டம்ளரில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்கு லேசாகத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

கூட்டம் விசில் அடித்தது. மாஸ்டர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இது செல்லாது. இவர் முதுகைத் தொங்கப் போட்டுட்டார். தொங்கப் போட்டா யாரு வேணா ஜெயிக்கலாம், டம்ளர் விழவே விழாது."

நான் மேட்டில் படுத்தபடியே கேட்டேன். "அப்போ உங்க பேனர்ல இருக்கற பொண்ணு எப்படி ஜெயிச்சா மாஸ்டர்?"

கூட்டம் அண்ணாந்து பேனரைப் பார்த்தது, பிறகு சுவரோரம் நின்ற ஈட்டியைப் பார்த்தது. நான் அதை யோசித்திருக்கவில்லை. மாஸ்டரை அடிக்க வீசிய கல் பிள்ளை நெற்றியில் போய் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் காதுகள் சிவந்தன. பெல்ட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு நேராக மேட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல், என் பக்கத்திலேயே பிளாங்க் போட்டாள்.

இந்தத் தடவை வயிற்றைத் தொங்கவிடவில்லை. தோளும் இடுப்பும் குதிகாலும் ஒரே கோடாக நிற்கப் பார்த்தாள். நிஜமான பிளாங்க். வயிறு வெடவெடவென்று நடுங்கியது. உதவியாளர் டம்ளரோடு வந்தார். அக்கா வழக்கம் போல, "இடுப்பைத் தூக்குடி" என்றாள். ஈட்டி தூக்கினாள். தூக்கியதும் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. முழங்காலை மேட்டில் போட்டுவிட்டாள்.

"முடியலம்மா" என்றாள் தரையைப் பார்த்தபடி. "ரொம்ப நாளா வலிக்குது."

அக்கா முதலில் சுற்றிலும் இருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். ஒரு நொடி எனக்கு அவள் மேல் வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது. அடுத்த நொடி, செருப்போடு ஏறக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த அந்த மேட்டில் செருப்போடு நடந்து வந்து, தன் நல்ல புடவையோடு தண்ணீரில் உட்கார்ந்து, எங்கேடி, எங்கே வலிக்குது, இங்கயா என்று முதுகைத் தடவ ஆரம்பித்தாள்.

நாங்கள் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போகும்போது, இதோடு இந்தக் கூத்து முடிந்தது என்று நான் நினைத்தேன். ஜனங்களை எடை போடுவதில் எனக்கு என்றைக்குமே திறமை கிடையாது. வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. நீச்சல்காரப் பையனின் அப்பா மாஸ்டருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு டம்ளர்தானே தப்பாப் போச்சு? ரெண்டு வெச்சுப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ் முதுகெலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். வளர்கிற வயதில் கண்டபடி வளைத்துச் சுமை ஏற்றினால் வரும் என்றார் டாக்டரம்மா. ஆறிவிடும், ஆனால் பல மாதம் ஈட்டியைத் தொடக்கூடாது என்றார். வலி அடங்கியதும் செய்ய ஒரு பயிற்சியைக் காட்டினார்: மல்லாந்து படுத்து, இடுப்பு தரையை விட்டு எழும்பாமல், ஒரு கையையும் எதிர்க் காலையும் மெதுவாக நீட்டுவது. பள்ளிக்கூட டீச்சர் முதல் நாளே சும்மா சொல்லிக்கொடுத்தாரே, அதேதான்.

தேர்வு போயிற்று. அதற்கு யாரும் மருந்து எழுதித் தரவில்லை. வராண்டா பெஞ்சில் ஈட்டி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் அக்கா போனில் டீச்சரிடம், இந்த வருஷம் முடியாது, தப்பு எங்கள் மேல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் அக்கா வாயில் தப்பு என்ற சொல் அவளைக் குறித்து வந்து நான் கேட்டதில்லை.

ஈட்டி மூக்கை உறிஞ்சினாள். "எல்லார் முன்னாடியும் ஏன் அப்படிப் பண்ணீங்க மாமா?"

"வேற வழி தெரியலடி."

"கேள்விய மட்டும் கேட்டிருக்கலாம்ல. அந்தத் தொப்பைய ஏன் ஊருக்கே காட்டினீங்க? நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகணும்."

அவள் என்னோடு பேசிய சந்தோஷத்தில் நான் தொப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். அக்கா போனில், ஆமாம் டீச்சர், பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். ஈட்டி என் கையைப் பிடித்தாள். ஈட்டி எறிகிறவள் பிடி. ஐந்து நகமும் உள்ளே இறங்கின. எடுத்துவிடுங்கள் என்று அக்கா இன்னொரு தடவை சொன்னாள். பிடி இறுகியது.

"வலிக்குதுடி" என்றேன்.

"வலிக்கட்டும்" என்றாள். ஆனால் பிடியைத் தளர்த்தினாள், கையை எடுக்கவில்லை.